மாதிரிக்கு ஒரு வீடு

அன்றைக்குச் சனிக்கிழமை. குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வெளியே வருகிறேன், முன்பின் பார்த்திராத ஒரு அம்மாள் என் அடுப்படியில் நிற்கிறாள். சும்மா நின்றால்கூடப் பரவாயில்லை. அரிசி டின்னை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, சுவரைக் கைமுட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குசினி நல்ல காத்தோட்டமா இருக்கு" என்றாள், ஏதோ நான்தான் அவள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவள் மாதிரி. "நீங்க எப்பம்மா காலி பண்ணுதிய?"

"எதை?"

"வீட்டைத்தான்."

நான் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையே வாய் திறக்காமல் உட்கார வைக்கிறவள். எனக்கே வாயடைத்துப் போயிற்று. எட்டிப் பார்த்தால், ஹாலில் என் வீட்டுக்காரர் பாக்கியசீலன் அந்த அம்மாளின் புருஷனுக்கு ஜன்னல் கம்பியின் கனத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். இடம் காட்டும்போது மட்டும் அவர் தொண்டையில் வந்து உட்காருகிற குரல் அது.

என்னைப் பார்த்ததும் பெரிய மனுஷர் கொஞ்சமும் கூசவில்லை. "அண்ணாச்சி, இவங்கதான் ஓனர்" என்று கையைக் காட்டினார்.

அந்த அம்மாள் சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"புரோக்கருக்கும் ஓனருக்கும் கல்யாணமே ஆயிட்டா?" என்றாள்.

இதெல்லாம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுக்கிற தரகர். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. இடத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் தரகு வேலையில் அது சிரிக்கிற காரியம் இல்லை. இடம் எங்கே என்று தெரிந்துவிட்டால், வந்தவன் மறுநாளே தனியாகப் போய், பக்கத்து டீக்கடையில் சொந்தக்காரர் யார் என்று விசாரித்து, நேரடியாகப் பேசி முடித்துவிடுவான். தரகர் பத்திர ஆபீஸ் வாசலில் நின்று, அவர்கள் லட்டு தின்பதைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். பாளையங்கோட்டைத் தரகர்கள் எல்லாருமே இந்த விஷயத்தில் உஷார். இவர் கொஞ்சம் கூடுதலாகவே உஷார்.

சீவலப்பேரி ரோட்டில் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய மனை ஒன்று. அதைக் காட்ட இவர் பாளையங்கால்வாய்க் கரையில் ஏறி, வாழைத்தோட்டத்துக்குள் இறங்கி, யாரோ நெல் காயப்போட்டிருந்த களத்தைத் தாண்டி, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டிப்போவார். வந்தவர்களுக்கு அந்த மனைக்கு வழி தெரியாமல் போவது இருக்கட்டும், தங்கள் சொந்த வீட்டுக்கே வழி மறந்துவிடும். போனில் மேப் வந்த பிறகு, காரில் ஏறும்போதே போனை அணைத்துவிடச் சொன்னார். போனை அணைத்துவிட்டு, தெரியாத ஆளோடு, தெரியாத வழியில் யார் போவார்கள்? போகவில்லை. அவர் ஒரு இடம் முடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அதே நேரத்தில் இசக்கியப்பன் என்று ஒரு இளவட்டத் தரகர், ஏசி போட்ட ஆபீசும் வெப்சைட்டும் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே மாதத்துக்கு ஒன்று முடித்துக்கொண்டிருந்தார். "ஊரு பூராப் பாக்குத மாதிரி இடத்தைப் போடுதான், கிறுக்குப் பய" என்று இவர் சொல்லுவார். சொல்லிவிட்டு இசக்கியப்பனின் வெப்சைட்டை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ராத்திரிச் சாப்பாடு இறங்காது. அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் நானே, ஆமாம் நானேதான், ஜெசியைக் கூட்டிவந்தேன்.

ஜெசி என்னிடம் படித்தவள். கல்யாணமாகி மகாராஜநகரில் இருக்கிறாள். இடுப்பில் பிள்ளை, மடியில் லேப்டாப் என்று வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கிறாள். வந்து உட்கார்ந்து, இருக்கிற இடங்களின் போட்டோக்களைக் கேட்டாள். இவர் போனை நீட்டினார்.

முதல் போட்டோவில் ஒரு பிடி செம்மண். அடுத்ததில் வானம். அதற்கடுத்ததில் ஒரு குழாய்.

"சார், இது என்ன?"

"வீடு."

"குழாய்தான சார் தெரியுது?"

"முழுசாக் காட்டினா எந்த வீடுன்னு கண்டுபிடிச்சிருவாங்கல்லா? தண்ணி வசதி உண்டுன்னு இதுலயே தெரிஞ்சிருமே."

"இடம் எங்கன இருக்குன்னாவது போடணும் சார்."

"போடு. நெல்லைக்கு அருகில், ஆற்றுக்கு அருகில், சாலைக்கு அருகில்."

ஜெசி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "சார், நாம வெப்சைட் செய்யுதோமா, விடுகதை போடுதோமா?" என்றாள். நான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

ஆனாலும் வெப்சைட் தயாராகிவிட்டது. முகப்பில் இவர் வெள்ளைச் சட்டையில் கைகூப்பிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் மாட்டுத் தொழுவம் திறந்தாலும் ஜெபம் செய்யாமல் திறக்க மாட்டோம். வெப்சைட்டுக்கும் குருவானவர் வந்தார், லேப்டாப் மேல் கை வைத்து ஜெபித்தார், ஒரு பெரியவர் ரிப்பன் எங்கே என்று கேட்டார். எல்லாரும் கேசரி தின்றார்கள். ஒருவராவது வெப்சைட்டைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அதன் பிறகும் யாரும் பார்க்கவில்லை. பார்த்தது இவர் ஒருவர்தான். தன் போனில் பார்ப்பார், என் போனில் பார்ப்பார், சலூனில் இருப்பவர் போனை வாங்கிப் பார்ப்பார். ஜெசி பொறுமையாக விளக்கினாள்: விளம்பரம் ஓட விட வேண்டுமென்றால் ஒரே ஒரு இடத்துக்காவது முழு விவரம் வேண்டும். மேப், உள்ளே வெளியே போட்டோ, எல்லாம். சும்மா மாதிரிக்கு. அதைப் பார்க்க ஆள் வந்தால், பிறகு மற்ற இடங்களைக் காட்டிக்கொள்ளலாம்.

இவர் இரண்டு நாள் யோசித்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்தெல்லாம் யோசித்தார். எந்த இடத்தின் விலாசத்தை வெளியே சொன்னாலும் எவனாவது சொந்தக்காரரிடம் நேரடியாகப் போய்விடுவான். அப்படி நேரடியாகப் போகவே முடியாத வீடு ஒன்று வேண்டும். தரகரைத் தாண்டாமல் சொந்தக்காரரை நெருங்கவே முடியாத வீடு. அப்படி ஒரு வீடு இந்தப் பாளையங்கோட்டையில் உண்டா? உண்டு. அவர் அதில்தான் குடியிருந்தார்.

கூட வேலை பார்க்கிற டீச்சர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் பத்தமடை போயிருந்த நாளில், ஜெசியை வரவழைத்து வீட்டை மூலை முடுக்கு விடாமல் போட்டோ எடுத்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பிள்ளை நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, மேப்பில் எங்கள் வாசலிலேயே குத்தி வைத்துவிட்டாள். விளம்பரம் தூத்துக்குடி முதல் நாகர்கோவில் வரை எல்லார் போனிலும் ஓடியது. அதைப் பார்த்துத்தான் அந்தச் சனிக்கிழமை, திசையன்விளைக்கு அந்தப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து, கப்பல் வேலையில் ஓய்வுபெற்ற மரிய அந்தோணி அண்ணாச்சியும் அவர் மனைவி இஞ்ஞாசியம்மாளும் கார் பிடித்து வந்திருந்தார்கள். பேத்திகளை இங்கே சேர்த்துப் படிக்க வைக்க வேண்டுமாம்.

அவர்கள் போன பிறகு நான் கதவைச் சாத்தினேன். சாத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"யாரைக் கேட்டு வீட்டைப் போட்டீங்க?"

"மாதிரிக்குத்தான் ஹெப்சி. இதைப் பாக்க வரட்டும், வேற வீட்டைக் காட்டி அனுப்பிருதேன். வியாபாரத்துல இதெல்லாம் உண்டு."

"வியாபாரத்துல பொண்டாட்டி அடுப்படியில வேத்து ஆளை விடுததும் உண்டோ?"

அன்று சாயங்காலம் அந்த வெப்சைட்டை முதல்முறையாக முழுக்கத் திறந்து படித்தேன். திட்டுவதற்குச் சரக்குச் சேர்க்கலாம் என்றுதான் படித்தேன். மற்ற இடங்களுக்கெல்லாம் அதே அருகில், அருகில். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தார். "காலையில் சமையலறை ஜன்னலில் வெயில் வரும். அந்த நேரத்தில் அங்கே நின்று காய் நறுக்குகிறவர்கள் முகம் பார்க்க நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் பின்வாசல் படியில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம், இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். கோபித்துக்கொண்டு போய் உட்கார மாடியில் ஒரு சிறு அறை உண்டு. கீழே இருந்து கூப்பிட்டால் காதில் விழும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் முகத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை இந்த மனுஷர். தூத்துக்குடி முதல் நாகர்கோவில் வரை சொல்லியிருக்கிறார்.

வீடு என் பேரில் இருக்கிறது. என் அப்பா கொடுத்த மனையில், என் சம்பளத்துக் கடனில் கட்டியது. ஒவ்வொரு கல்லும் நான் பார்க்க வைத்த கல். என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாதுதான். ஆனாலும் பயம் வந்துவிட்டது. பீரோவிலிருந்த பத்திரத்தைத் துணிகளுக்கு அடியில் தள்ளி, பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோக ஆரம்பித்தேன். வகுப்பில் பாதி கணக்குப் போடும்போது பையைத் திறந்து சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஒன்றரை வருஷமாக வாய் திறக்காத போன் அது. நாங்குநேரியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார், சாத்தான்குளத்திலிருந்து ஒரு கடைக்காரர் குடும்பத்தோடு வந்து எங்கள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். இவர் எல்லாருக்கும் வேறு வீடுகளைக் காட்டினார். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "அந்த டீச்சர் வீடு மாதிரி இல்லையே" என்றார்கள். வேறு ஆளாக இருந்தால் எரிச்சல்பட்டிருப்பார். இவருக்கோ நடையே மாறிவிட்டது. கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போடுகிறவர், இஸ்திரி போட்டுப் போட்டார். தான் காட்டிய ஒரு இடத்தை ஊரே ஆசைப்படுகிறது என்ற சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. என்னையும் ஹெப்சி என்று கூப்பிடுவது குறைந்து, "ஓனர் என்ன நினைக்காங்க?" என்று பேச ஆரம்பித்தார். முதலில் வேடிக்கை என்று நினைத்தேன். ஒருநாள் சாப்பிடும்போது, "ஓனர் கொஞ்சம் இறங்கி வந்தா இப்பவே முடிச்சிரலாம்" என்றார். கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப வித்துருவீங்களா?"

"வாயில வந்துட்டு ஹெப்சி. பழக்க தோசம்."

பழக்க தோஷத்தில் வீடு போனால் திரும்பி வருமா? அதைத்தான் அன்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன், சரி. ஆனால் இவர் வாக்குக் கொடுத்துவிட்டால்? தரகர் கை நீட்டி அட்வான்ஸ் வாங்கிவிட்டால் அது வாக்கு. வாக்கு மாறிய தரகரை இந்த ஊர் டீக்கடை பெஞ்சில்கூட உட்கார விட மாட்டார்கள். அப்புறம் நான் வீட்டைக் காப்பாற்றுவதா, அவரைக் காப்பாற்றுவதா? அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார் என்று நிஜமாகவே நடுங்கினேன்.

மரிய அந்தோணி அண்ணாச்சி மட்டும் விடவே இல்லை. மனைவியோடு மறுபடி வந்தார். இந்தத் தடவை நான் ஒரு முடிவோடு இருந்தேன். வீட்டின் குறைகளை நானே சொல்லி ஆளை விரட்டிவிடுவது. இவரிடமும் முன்னாலேயே சொல்லி வைத்தேன். "சரி, நான் வாயே திறக்கல" என்று தலையாட்டினார்.

நான் ஆரம்பித்தேன். "மத்தியானம் இந்த ரூமுல வெக்கை தாங்காது அண்ணாச்சி."

"வெக்கை எங்க இருக்கு?" என்று இவர் குதித்தார். "மேல மொட்டைமாடி பூராத் தட்டு ஓடு பதிச்சிருக்கு. சித்திரையிலயே பைய ஃபேனைச் சுத்த விட்டாப் போதும்."

முறைத்தேன். "மழை பெஞ்சா பின்பக்கம் தண்ணி கட்டிக்கிடும்."

"அதனாலதான் அண்ணாச்சி கிணத்துல தண்ணி வத்துததே இல்ல."

"பக்கத்து வீட்டு நாயி ராத்திரி பூராக் குரைக்கும்."

"களவு பயமே கிடையாது."

"கோயில் ஸ்பீக்கர் ஒரு பக்கம், எங்க சர்ச்சு ஸ்பீக்கர் ஒரு பக்கம், விடியக்காலையில தூங்கவே முடியாது."

"பேத்திமாரு பரிச்சைக்கு எந்திரிக்க அலாரமே வேண்டாம்."

மேசைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். "எதுக்கு மிதிக்கே?" என்று சத்தமாகக் கேட்டார். தன் கண்ணெதிரே ஒரு வீட்டைப் பற்றி, வாங்க வந்தவரிடம், ஒருவர் குறை சொல்லுவதைத் தாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. அது யார் வீடு, சொல்லுவது யார் என்பதெல்லாம் அவருக்கு அந்த நேரத்தில் கணக்கே இல்லை.

மரிய அந்தோணி அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். "வே பாக்கியசீலன், நான் கப்பல்ல உலகம் பூராச் சுத்தினவன். விக்கணும்னு துடிக்கவன் வீட்டுல ஏதோ கோளாறு இருக்கும். உம்ம ஓனரம்மா விக்க மாட்டேன்னு மல்லுக்கு நிக்காவ. அப்ப இதுதான்வே வீடு."

இஞ்ஞாசியம்மாள் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். என் அரிசி டின் இருக்கவேண்டிய இடத்தை அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்றாவது தடவையாக வந்தார்கள். நான் நினைத்துப் பயந்தது நடந்துவிட்டது. அண்ணாச்சி மடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து எங்கள் டீப்பாயின் நடுவில் வைத்தார். பை புடைத்துக்கொண்டு இருந்தது.

"அட்வான்ஸ். நீரு கையில வாங்கிக்கிட்டா முடிஞ்சது. ஓனரம்மா கையெழுத்தைப் பொறுமையா வாங்கிக்கிடுவோம். என்ன விலை சொன்னாலும் சரி."

என் வீட்டுக்காரர் அந்தப் பையைப் பார்த்தார். ஒன்றரை வருஷமாக அப்படி ஒரு பை எங்கள் டீப்பாய்க்கு வந்ததில்லை. அவர் கை தொடையிலிருந்து லேசாக எழும்பியதை நான் பார்த்தேன். வேண்டாம் என்று கத்தியிருக்கலாம். கத்தினால், வாங்க வந்தவர் முன்னால் பெண்டாட்டி அடக்கிவிட்டாள் என்று ஊர் சொல்லும். இசக்கியப்பன் சொல்லுவார். அந்த அவமானத்தை அவருக்கு என் கையால் கொடுக்க மனசு வரவில்லை. அவராகச் சொல்லட்டும், ஆண்டவரே, அவராகச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"எடுக்கதுக்கு முன்ன ஒரு ஜெபம் பண்ணிரும்வே" என்றார் அண்ணாச்சி. "நாங்க கத்தோலிக்க ஆளுக, படிச்ச மந்திரத்தைத்தான் சொல்லுவோம். சொந்தமா நீட்டி முழக்குதது உங்க ஆளுகதான்."

எல்லாரும் கண்ணை மூடினோம். இவர் ஆரம்பித்தார்.

"அன்பின் பரலோகத் தகப்பனே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். அண்ணாச்சி குடும்பத்தைத் தூரத்திலிருந்து சுகமாகக் கொண்டுவந்தீரே, ஸ்தோத்திரம். இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம்."

பொதுவாக இந்த இடத்தில் ஆமென் சொல்லிவிடுவார். சாப்பாட்டு ஜெபத்துக்கு மேல் அவருக்கு நீட்டத் தெரியாது. ஆமென் வரவில்லை.

"தளம் போட்ட அன்று மழையை ஆற்றுக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைத்தீரே, ஸ்தோத்திரம். இன்று வெளியூரில் படிக்கிற எங்கள் மகள் இந்த ஹாலில்தான் நடக்கப் படித்தாள், ஸ்தோத்திரம். ஹெப்சிபாவுக்குக் காய்ச்சல் வந்து, டாக்டரே கையை விரித்தபோது, அந்த உள் ரூமில் வைத்துத்தான் எழுப்பிவிட்டீர், ஸ்தோத்திரம்." அதற்குப் பிறகு ஜெபத்தின் பாஷை போய், எங்கள் பாஷை வந்துவிட்டது. "தகப்பனே, நான் காட்டின ஒரு இடத்தையும் ஒருத்தரும் ஆசைப்படல. இதை அண்ணாச்சி ஆசைப்பட்டுட்டாங்க. அந்த ஆசையைப் பாத்து எனக்கும் கிறுக்குப் பிடிச்சுட்டு. இது விக்கதுக்கு இல்ல தகப்பனே. ஓனருக்கும் மனசில்ல, எனக்கும் மனசில்ல. இதை அண்ணாச்சி மொகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. நீரே அவங்க உள்ளத்தில பேசும். இப்பவே பேசும். ஆமென்."

நான் கண்ணைத் திறந்தபோது மரிய அந்தோணி அண்ணாச்சி ஏற்கெனவே திறந்துதான் வைத்திருந்தார். எவ்வளவு நேரமாகத் திறந்திருந்தாரோ. இஞ்ஞாசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமென்" என்றாள், தெளிவாக.

"நீ எதுக்குளா ஆமென் சொல்லுத?" என்று அண்ணாச்சி பெண்டாட்டியிடம் பாய்ந்தார். பிறகு இவரிடம் திரும்பினார். "இது என்ன ஜெபம்வே? என்ட்ட சொல்ல வேண்டியதை ஆண்டவர்ட்ட சொல்லி, ஆண்டவரை என்ட்ட தூது விடுதீரு! எங்க சாமியாருகூட இப்படி ஆளை மடக்க மாட்டாரு."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆண்டவர்ட்ட போயிட்ட பேச்சை நாம எப்படித் திரும்ப எடுக்க?" என்றாள் இஞ்ஞாசியம்மாள். "எந்திரிங்க. குசினியை ஒருக்கப் பாத்துட்டு வாரேன்."

பார்த்துவிட்டு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அண்ணாச்சி மஞ்சள் பையை மடியில் செருகிக்கொண்டு, செருப்பை மாட்டி, கேட் வரைக்கும் போய்த் திரும்பிச் சொன்னார்: "வேற வீடு இருந்தாச் சொல்லும்வே. நீரு குடியிருக்காத வீடாப் பாத்துச் சொல்லும்."

அவர்கள் கார் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தோம். திட்டுவதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, அதுதான் உண்மை. அவர் தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டுக் காப்பி போடப் போனேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பாடகர் குழுப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்த ஊருக்கு மாற்றலாகிப் போகிறீர்கள், ஏன் சொல்லவே இல்லை, பிரிவுபசாரக் கூட்டம் என்றைக்கு வைக்கலாம் என்று ஒரே கேள்வி. ஒருத்தி போனை எடுத்துக் காட்டினாள். வெப்சைட்டில் எங்கள் வீட்டு முகப்பின் குறுக்கே சிவப்புப் பட்டை போட்டு, "விற்கப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

நேராக வீட்டுக்கு வந்தேன். இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன கூத்து?"

"ஒரு இடமாவது வித்துருக்குன்னு இருந்தாத்தான ஹெப்சி சனம் நம்பும்? இசக்கியப்பன் வெப்சைட்டுல பாரு, பூராச் செவப்புப் பட்டையா இருக்கு."

"யாரு வாங்கினான்னு கேட்டா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். "நாமதான். வித்ததும் நீ, வாங்கினதும் நீ. ரெண்டு பக்கக் கமிஷனும் எனக்கு நீதான் தரணும்."

சிரிக்கக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்தேன். முடியவில்லை. பட்டையை எடுக்கச் சொல்லலாம் என்று ஜெசிக்குப் போன் போட்டால், அந்தப் பிள்ளை எனக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டது.

"டீச்சர், நானே கூப்பிடணும்னு இருந்தேன். வித்த வீட்டுக்குக் கீழ வாங்கினவங்க கருத்து ரெண்டு வரி போடணும். அது இருந்தாத்தான் நம்புவாங்க. சார்ட்ட கேட்டா ஓனரைக் கேளுங்காங்க. வாங்கினவங்க நம்பர் இருக்கா?"

இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். பொத்தான் ஒன்று தப்பாகப் போட்டிருந்தார். யாரோ ஒரு மனை பார்க்க வருகிறார்களாம்.

"நான் சொல்லுதேன், எழுதிக்கோ" என்றேன் ஜெசியிடம். "வீடு இவர் சொன்னபடியேதான் இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. தரகர் கொஞ்சம் அதிகம் பேசுவார், ஆனால் நம்பி வரலாம். கீழே என் பேரைப் போடு. முழுப் பேரும் போடு, ஹெப்சிபா பாக்கியசீலன்."